காலையில் 75.2, இரவில் 76.7: எந்த எடையை நம்புவது?

கேள்வி: எனக்கு 36 வயது. எட்டு வாரங்களுக்கு முன்பு எடையைக் குறைக்கத் தொடங்கினேன். அப்போது 78.4 கிலோ. முதல் வாரத்திலேயே 1.4 கிலோ குறைந்தது. ஆறாவது வார முடிவில் 74.9 வந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாகக் குறையட்டும் என்று தசைகளுக்கான உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு வாரமாகிறது. எடை இறங்கவே இல்லை, சற்று ஏறியும் இருக்கிறது. எழுந்தவுடன், குளித்த பிறகு, வேலை முடிந்து வந்ததும், படுக்கப் போகும் முன் என்று ஒரு நாளைக்கு நான்கைந்து முறை எடை பார்க்கிறேன். நேற்று காலை 75.2. இரவு சாப்பிட்ட பிறகு 76.7. ஒரே நாளில் ஒன்றரை கிலோ! அழுகையே வந்துவிட்டது. இன்று காலை சாப்பிடவில்லை. தினமும் எடை பார்த்தால்தான் கட்டுப்பாடு இருக்கும் என்கிறார் என் அண்ணன். மாதம் ஒரு முறை போதும் என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி? பேசாமல் மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

உணவியல் நிபுணரின் பதில்:

முதலில் ஒரு வேண்டுகோள். அடுத்த வேளைச் சாப்பாட்டை விடாமல் சாப்பிடுங்கள். நேற்று இரவு மெஷின் காட்டிய ஓர் எண்ணுக்காக இன்று காலை பட்டினி கிடந்திருக்கிறீர்கள். அந்த எண் கூடியதற்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்தப் பட்டினிதான். எடை ஏறியது எனக்குக் கவலையே தரவில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். எடையைக் குறைக்க முயலும் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இது: நாளுக்கு ஒரே முறை, காலையில் எடை பாருங்கள். எழுதி வையுங்கள். வாரக் கடைசியில் ஏழு எண்களின் சராசரியை எடுத்து, அதை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தினமும் பார்ப்பது மனதைப் படுத்துகிறது என்றால் வாரம் ஒரு முறை பார்க்கலாம். நாளுக்கு நான்கைந்து முறை என்பது யாருக்கும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் இப்போதைக்கு இதிலிருந்து கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் அந்த ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அது புரியாத வரை, எத்தனை முறை பார்க்கலாம் என்று நான் எதைச் சொன்னாலும் உங்களுக்கு நிம்மதி வராது.

ஒரே பகலில் ஒன்றரை கிலோ கொழுப்பு சேர முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் சேரும் 1 கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒன்றரை கிலோவுக்கு 11,500 கலோரிக்கு மேல் வேண்டும். அதுவும் அன்றைய செலவு போக மிச்சமாக இருக்க வேண்டும். உங்கள் வயதும் எடையும் உள்ள ஒரு பெண்ணின் உடல் நாள் முழுவதற்கும் செலவழிப்பது சுமார் 2,000 கலோரி. அப்படியென்றால் நேற்று ஒரே நாளில் ஏறக்குறைய ஏழு நாள் சாப்பாட்டை நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மெஷின் பொய் சொல்கிறதா? அதுவும் இல்லை. காலையைவிட இரவில் நீங்கள் உண்மையிலேயே ஒன்றரை கிலோ கனமாக இருந்தீர்கள். கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் அதன் மேல் ஏறினீர்கள். அதற்கோ கொழுப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எலும்பு, தசை, ரத்தம், குடலில் நகர்ந்துகொண்டிருக்கும் உணவு, சிறுநீர்ப்பையில் நிற்கும் நீர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறது. 1 லிட்டர் தண்ணீர் குடித்தால் உடனே 1 கிலோ ஏறும். அதில் ஒரு கலோரிகூட இல்லை. ஒரு நாளில் சாப்பிடுவதும் குடிப்பதும் சேர்ந்தால் 3 கிலோவை எளிதாகத் தொடும். அதில் ஒரு பகுதி சிறுநீராக, வியர்வையாக, மூச்சின் ஈரமாக அன்றைக்கே வெளியே போயிருக்கும். மிச்சம் படுக்கப் போகும் நேரத்தில் இன்னும் உள்ளேயே இருக்கும். நேற்று இரவு நீங்கள் பார்த்த ஒன்றரை கிலோ அதுதான்.

இந்த வரவு செலவை முறையாக அளந்து பார்த்த முன்னோடி ஒருவர் இருக்கிறார். சாந்தோரியோ (1561–1636), இத்தாலியின் படுவாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், தூங்கி எழுந்த பின் என்று சுமார் 30 ஆண்டுகள் தன்னைத்தானே எடை போட்டார். உண்டதையும் குடித்ததையும் நிறுத்தார், கழிவையும் நிறுத்தார். கணக்கு ஒத்துப்போகவில்லை. உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஆவியாகப் போகும் நீர்தான் அதில் பெரும்பங்கு என்று இன்று நமக்குத் தெரியும். இரவு படுத்துக் காலையில் எழுவதற்குள் அரை கிலோவோ 1 கிலோவோ குறைவதற்கு இதுவும், எழுந்ததும் கழிக்கும் சிறுநீரும்தான் காரணம். நாளுக்கு நான்கைந்து முறை மெஷினில் ஏறும்போது நீங்களும் சாந்தோரியோ அளந்ததையேதான் அளக்கிறீர்கள். அவருக்கு அது ஆராய்ச்சியாக இருந்தது. உங்களுக்கு அதில் கிடைப்பது வேதனை மட்டும்.

இப்போது கொழுப்பு கரையும் வேகத்தைப் பாருங்கள். உடம்பு செலவழிப்பதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால், அது ஒரு நல்ல முயற்சிதான், அன்றைக்குக் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். வீட்டில் வைத்திருக்கும் மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம் கணக்கில்தான் காட்டும். ஒரு நாள் முழுக்க நீங்கள் பட்ட பாட்டின் பலன் அந்த மெஷினின் ஒரு புள்ளிக்கும் குறைவு. அதே நாளில் உடம்பிலுள்ள நீரும் உணவும் 1 கிலோ மேலே, 1 கிலோ கீழே என்று ஆடுகின்றன. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையிலான வித்தியாசத்தில் கொழுப்பைத் தேடினால் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு வாரம் ஆனால் அந்த 65 கிராம் 450 கிராமாகச் சேர்ந்திருக்கும். சராசரியில் தெரியத் தொடங்கும். நான்கு வாரத்தில் அது 1.8 கிலோ. அதை எந்த ஆட்டமும் மறைக்க முடியாது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் 1.4 கிலோ குறைந்தபோது சந்தோஷப்பட்டிருப்பீர்கள். யாரும் அதைத் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி நீர். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் சுமார் அரை கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாட்களில் உடம்பு முதலில் கை வைப்பது இந்தச் சேமிப்பில்தான். அது குறையக் குறைய அதோடு இருந்த நீரும் வெளியேறும். அதனால்தான் யார் தொடங்கினாலும் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குகிறது. இதே கதை திரும்பியும் நடக்கும். ஒரு விசேஷத்துக்குப் போய் மாவுச்சத்தும் உப்பும் கூடுதலாகச் சாப்பிட்டு வந்தால், மறுநாள் அந்தச் சேமிப்பு நிரம்பி, நீரும் கூடவே வந்துவிடும். உப்பின் பங்கும் சிறிதல்ல. உடம்பில் 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால், அதைச் சமன்செய்ய ஏறக்குறைய 1 லிட்டர் நீர் தங்க வேண்டியிருக்கும். சிறுநீரகங்கள் நன்றாக இருந்தால் ஓரிரு நாளில் அதை வெளியேற்றிவிடும்.

அந்த முதல் வாரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், அடுத்த ஐந்து வாரத்தில் நீங்கள் குறைத்தது 2.1 கிலோ. வாரத்துக்கு 400 கிராமுக்கும் கொஞ்சம் கூட. இது நல்ல வேகம். என்னிடம் வருபவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். முதல் வார வேகத்தோடு ஒப்பிட்டதால்தான் இது உங்களுக்குப் போதாததாகத் தெரிந்திருக்கிறது. வேகத்தைக் கூட்ட நினைத்து உடற்பயிற்சியைச் சேர்த்தீர்கள். சேர்த்தது நல்ல முடிவு, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் தசைகளுக்குப் பழக்கமில்லாத வேலையைக் கொடுக்கும்போது நுண்ணிய அளவில் அவை புண்படும். அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைச் சேர்க்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கை கால் வலிப்பது இந்த வேலை நடப்பதால்தான். போதாததற்கு, உழைக்கும் தசை கூடுதலாகக் கிளைக்கோஜனையும் சேமித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து முதல் சில வாரங்களுக்கு 1 கிலோ வரைகூட எடையை ஏற்றிக் காட்டலாம். அடியில் கொழுப்பு பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும். மேலே நீர் அதை மறைத்துக்கொண்டிருக்கும். உங்களுடைய இந்த இரண்டு வாரமும் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான் என்பது என் கணிப்பு.

இன்னொன்றை நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை, நானே கேட்கிறேன். மாதவிடாய்த் தேதி பக்கத்தில் இருந்ததா? பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் தங்கத் தொடங்கி, ரத்தப்போக்கு தொடங்கும் நாளை ஒட்டி உச்சத்துக்கு வரும். சிலருக்கு அரை கிலோ, சிலருக்கு 2 கிலோகூட. பிறகு சில நாட்களில் தானாகவே இறங்கிவிடும். எடைக் குறைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெண்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் தாங்கள் தோற்றுவிட்டதாக எத்தனையோ பேர் நினைத்துக்கொள்கிறார்கள். சுழற்சி ஒழுங்காக வரும் பெண்களுக்கு மிக நேர்மையான ஒப்பீடு எது தெரியுமா? இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, நான்கு வாரத்துக்கு முந்தைய அதே வாரத்தோடு ஒப்பிடுவது. அந்த அளவில் உங்கள் தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாதம் ஒரே ஒரு முறை மெஷினில் ஏறி அந்த ஓர் எண்ணை நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஒருவர் இரண்டு வாரம் தினமும் காலையில் எடை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 75.4, 75.1, 75.6, 75.9, 75.3, 75.0, 75.2. இரண்டாம் வாரம்: 75.5, 75.2, 74.8, 74.7, 75.1, 74.9, 74.6. முதல் வாரச் சராசரி 75.4, இரண்டாம் வாரச் சராசரி 75.0. நானூறு கிராம் குறைந்திருக்கிறது. இதே நபர் வாரம் ஒரு முறை, திங்கள்கிழமை மட்டும் எடை பார்ப்பவராக இருந்தால் அவர் கண்ணில் படுவது 75.4, பிறகு 75.5. நூறு கிராம் ஏறிவிட்டது என்று சோர்ந்து போவார். வியாழக்கிழமை மட்டும் பார்ப்பவராக இருந்தால் 75.9, பிறகு 74.7. ஒரே வாரத்தில் 1.2 கிலோ என்று துள்ளிக் குதிப்பார். அடுத்த வாரம் அந்த வேகம் வராதபோது துவண்டுவிடுவார். உடம்பு ஒன்றுதான், அதே இரண்டு வாரம்தான். பார்த்த கிழமைதான் வேறு.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எல்லோரிடமும் ‘வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் தாங்களாகவே தினமும் எழுதி வைத்த நோட்டைக் கொண்டுவந்து காட்டியபோதுதான், ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேரிடம் தேவையில்லாமல் சாப்பாட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. அன்றிலிருந்து ஒரே ஓர் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. வாரம் ஒரு முறைதான் பார்ப்பேன் என்பவர்களிடமும் குறைந்தது நான்கு வார எண்களை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகே பேசுகிறேன். இப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: விடுமுறை நாட்கள் முடிந்த மறுநாளைத் தவிர்த்துவிடுங்கள். வாரக் கடைசியில் சாப்பாடும் தூக்கமும் மாறுவதால் ஞாயிறு, திங்களில் எடை கூடியும் வெள்ளி வாக்கில் குறைந்தும் காணப்படுவது பரவலாகக் கவனிக்கப்பட்ட ஒன்று. வெள்ளிக்கிழமைக் காலை வசதியான நாள்.

உங்கள் அண்ணன் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் பொருத்தமானது. ஏற்கெனவே எடை குறைத்த 314 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் எடை பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. எண் பச்சைப் பகுதியில் இருந்தால் இப்படியே தொடருங்கள், மஞ்சளுக்கு வந்தால் சிறிய மாற்றம் செய்யுங்கள், சிவப்புக்குப் போனால் முழு முயற்சிக்குத் திரும்புங்கள் என்று எண்ணுக்கு எண் என்ன செய்வது என்றும் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிப் பயிற்சி பெற்றுத் தினமும் எடை பார்த்தவர்களிடம், குறைத்த எடை திரும்ப ஏறுவது குறைவாக இருந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த இரண்டாவது பாதியை. எடை பார்த்தார்கள், பிறகு என்ன செய்வது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சின்ன ஏற்றம் வந்தால் சின்ன மாற்றம், பட்டினி கிடையாது. உங்களிடம் இப்போது இருப்பது முதல் பாதி மட்டும். எண் ஏறினால் அழுகை, மறுநாள் காலைப் பட்டினி. அப்புறம் என்ன நடக்கும் என்று என் அனுபவத்தில் எனக்குத் தெரியும். பசியோடு கழித்த பகலுக்குப் பிறகு வரும் மாலையில் யாராலும் நிதானமாகச் சாப்பிட முடிவதில்லை. அப்படிச் சாப்பிட்டதற்காக மறுபடி குற்றவுணர்வு, மறுபடி மெஷின். சிலர் வேறு திசையில் போவார்கள்: ஏறிய எண்ணைப் பார்க்கப் பயந்து மாதக்கணக்கில் மெஷின் பக்கமே போக மாட்டார்கள். எடை பார்ப்பதில் இடைவெளி விழும் காலத்தில்தான் எடை கூடுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பயந்து ஒதுங்குவதும் நாளுக்கு ஐந்து முறை ஏறிப் பார்ப்பதும் ஒரே பயத்திலிருந்து வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. முதல் இரண்டு வாரம் மெஷினை எடுத்துப் பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ வைத்துவிடுங்கள். இது தண்டனை இல்லை. உடற்பயிற்சி புதிதாக இருக்கும் இந்த நாட்களில் அது காட்டும் எண் எப்படியும் உங்களுக்கு உதவப்போவதில்லை. பிறகு எதற்குத் தினமும் மனதை நோகடித்துக்கொள்ள வேண்டும்? அந்த இரண்டு வாரமும் சாப்பாடும் பயிற்சியும் இப்போது இருப்பது போலவே தொடரட்டும், மூன்று வேளையும் விடாமல். தொடங்கும் அன்று இடுப்பளவை மட்டும் எடுத்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இதையும் தினமும் அளக்கத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

இரண்டு வாரம் முடிந்ததும் மெஷினை எடுங்கள். பாய், விரிப்பு எதுவும் இல்லாத, சமமான கெட்டித் தரையில் ஓர் இடத்தில் வைத்து, அங்கேயே வையுங்கள். காலையில் கழிவறைக்குப் போய் வந்த பிறகு, எதையும் சாப்பிடாமல் குடிக்காமல், ஏறக்குறைய ஒரே மாதிரி மெல்லிய உடையில் ஒரு முறை ஏறுங்கள். எழுதுங்கள், இறங்குங்கள். அன்று அதோடு சரி. சில டிஜிட்டல் மெஷின்கள், வித்தியாசம் சிறியதாக இருந்தால் முன்பு காட்டிய எண்ணையே திரும்பக் காட்டும். அதனால் மறுபடி மறுபடி ஏறி ‘உறுதி’ செய்வதிலும் அர்த்தமில்லை. உங்கள் மெஷின் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஒரு முறை சும்மாவும் ஒரு முறை 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டும் ஏறிப் பாருங்கள். 1 கிலோ சொச்சம் கூட வேண்டும். மருத்துவமனையில் செருப்போடும் உடையோடும் பார்த்த எடையை வீட்டு எடையோடு ஒப்பிட வேண்டாம். இரண்டும் வேறு மெஷின், வேறு நேரம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, இருப்பதைக் கூட்டி அத்தனை நாளால் வகுத்தால் போதும். அந்தச் சராசரி மூன்று நான்கு வாரமாக அசையவே இல்லை என்றால்தான், இடுப்பளவும் குறையவில்லை என்றால்தான், சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் அது தோல்வி ஆகாது. எடை குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவான கலோரி போதும். அதனால் பழைய அளவு ஒரு கட்டத்தில் சமநிலைக்கு வந்துவிடும், கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. காலையில் பார்த்த எண்ணின் காரணமாக ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாலோ, கூடுதலாக உடற்பயிற்சி செய்து ‘சரிக்கட்ட’ நினைத்தாலோ, தினமும் பார்ப்பது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு அன்றே வாரம் ஒரு முறைக்கு மாறிவிடுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. வாரம் ஒரு முறை பார்த்தே நன்றாகக் குறைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் முடியாமல், நாள் முழுக்க எடை பற்றிய எண்ணமே ஓடுகிறது, சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடத் தோன்றுகிறது, பட்டினியும் அளவில்லாத சாப்பாடும் மாறி மாறி வருகின்றன என்றால், எடைக் குறைப்பை நிறுத்திவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தயங்க வேண்டாம். உணவோடு இப்படி ஒரு போராட்டம் முன்பு எப்போதாவது இருந்திருந்தால், நான் மேலே சொன்ன தினசரிக் கணக்கே உங்களுக்கு வேண்டாம். வளரும் வயதுப் பிள்ளைகளையும் இப்படித் தினமும் மெஷினில் ஏறப் பழக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் போன்றோர் எடை பார்ப்பது வேறு காரணத்துக்காக. அவர்கள் மருத்துவர் சொன்னபடி பார்க்க வேண்டும். இதய நோயாளிக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அதோடு கால் வீக்கமோ மூச்சு வாங்குவதோ இருந்தால், சராசரிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு மாதம், ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை பார்க்கும் முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சிறுநீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொள்வது போன்றவற்றை யாரும் செய்யாதீர்கள். எண் இறங்கும். கொழுப்பு ஒரு கிராம்கூட இறங்காது, சிறுநீரகமும் உடம்பின் உப்புச் சமநிலையும் கெடும்.

மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் அண்ணனிடம் கேட்டு, அவர் கையாலேயே இந்த இரண்டு வாரத்துக்கு அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தினமும் பார்க்கச் சொன்னவர் அவர்தான், இதற்கும் துணை நிற்பார். திரும்ப எடுத்த பிறகு நான்கு வாரச் சராசரிகளையும் இரண்டு மூன்று இடுப்பளவுகளையும் எழுதி அனுப்புங்கள். மாதவிடாய்த் தேதியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். சாப்பாட்டில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று அதை வைத்துப் பார்க்கலாம்.